ரத்னபாயின் வலது கரண்டை

ஓடையைத் தாண்டிச் சாடும்போதுதான் அது முதல் தடவை மடங்கியது. ஐம்பத்துநாலாம் வருடம், ஆவணி பிறந்த வாரம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. தப்பிய ஆண்களைத் தேடி, பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் இடையே உள்ள விளைகளில் எல்லாம் போலீஸ் இறங்கியது. ரத்னபாயின் கணவன் விஜயதாஸ் தையல்காரன். ஊர்வலத்துக்குக் கொடி தைத்தவன். ஒரு போலீஸ்காரனின் மண்டை உடைந்த கேஸில் அவன் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அவன் முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டான். போலீஸ் வருகிறது என்று கேட்டதும் வீட்டுப் பெண்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். ரத்னபாய் நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடையைச் சாடினாள். மறுகரையில் அவள் வலது பாதம் பதியவேண்டிய இடத்தில் ஒரு கல் கிடந்தது. பாதம் உள்பக்கமாக மடங்க, இரண்டு உடல்களின் பாரமும் கரண்டையின், அதாவது கணுக்காலின், வெளிப்பக்கத்தில் விழுந்தது. ஈர ஓலையைக் கிழித்தாற்போல ஒரு சத்தம் கேட்டதாக அவள் பிறகு சொன்னாள்.

வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் குழைத்துக் கட்டினார். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. எல்லாரும் சரியாகிவிட்டது என்றார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில், மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத ரோட்டில், அதே கால் அதே பக்கமாக மடங்கியது. மார்கழிக்குள் இன்னும் நான்கு தடவை.

ஒரு தடவை மடங்கிய கரண்டை ஏன் மறுபடி மறுபடி மடங்குகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். கரண்டையின் வெளிப்பக்கத்தில் மூன்று நார்கள் உண்டு. காலெலும்பையும் பாத எலும்பையும் சேர்த்துக் கட்டியிருப்பவை அவைதான். பலமாக இழுபட்டு அறுந்த நார், ஆறும்போது கொஞ்சம் நீண்டே ஆறும். கயிற்றுக்கட்டில் நாளாக ஆகத் தொய்வதைப்போல. தொய்வு மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஆனால் அந்த நார்கள் இன்னொரு வேலையும் பார்க்கின்றன. பாதம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று அவை ஓயாமல் மேலே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கால் தோலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று பார்த்தால் தெரியும். பாதம் சும்மா நிற்பதே இல்லை. இந்தப் பக்கம் ஒரு நூல் சாயும், உடனே தசை இழுக்கும்; அந்தப் பக்கம் ஒரு நூல் சாயும், மறுபடி இழுக்கும். நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நார் அறுந்த இடத்தில் செய்தி சொல்லும் நரம்பும் அறுந்துவிடுகிறது. பிறகும் செய்தி வரும். ஆனால் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வரும். அதற்குள் பாதம் கவிழ்ந்திருக்கும்.

ரத்னபாய்க்கு இதெல்லாம் தெரியாது. காலுக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்தாள்.

பங்குனியில் அவள் தொட்டிப்பால வேலைக்குப் போனாள். கள்ளிக்காட்டில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தண்ணீர் ஒரு காலத்தில் வரும் என்று இங்கே கீழே வாய்க்கால் வெட்டினார்கள். பள்ளம் குறுக்கிட்ட இடத்தில், வாய்க்காலைத் தூக்கி நிறுத்தத் தூண்கள் கட்டினார்கள். விஜயதாஸ் அப்போது தூத்துக்குடியில் ஒரு தையல்கடையில் இருந்தான். எல்லைக் கமிஷன் வந்து எல்லாரிடமும் கேட்டுப் போயிருக்கிறது, நம்முடைய நெய்யாற்றங்கரைத் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிடும், சேர்ந்த மறுநாள் இந்தப் போலீசுக்கு இங்கே வேலை இல்லை, நான் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான். அதுவரை வீட்டில் அடுப்பு எரியவேண்டும். ரத்னபாயின் கணக்கு அவ்வளவுதான். எல்லை தீரும்வரை அவள் பலகையில் நடக்கவேண்டும்.

பலகை என்பது இதுதான். தூணைச் சுற்றிச் சாரம் கட்டி, தரையிலிருந்து உச்சிக்குச் சாய்வாகப் பலகைகளை இணைத்திருந்தார்கள். இரண்டடி அகலம். கால் வழுக்காமலிருக்க ஓர் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். ஒரு பலகையில் ஏறிப் பக்கத்துப் பலகையில் இறங்கவேண்டும். சுண்ணாம்பும் செங்கல்பொடியும் அரைத்த சாந்தைச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிவிட, பதினான்கு பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். பலகை நடுவில் தொய்ந்து எழும்பும். முன்னால் போகிறவள் காலெடுத்ததும் அது மேலே வரும். அந்த நேரத்தில் பின்னால் வருகிறவள் கால் வைத்தால் பலகை உள்ளங்காலில் அறையும். அதனால் எல்லாரும் முதலில் போகிறவளின் தாளத்திலேயே நடப்பார்கள். ஒருத்தி தயங்கினால் அந்தத் தயக்கம் பலகை வழியாகப் பின்னால் உள்ள அத்தனை கால்களுக்கும் போய்ச் சேரும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே ரத்னபாயின் தயக்கம் பின்னால் வந்தவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் பெயர் சத்யபாமா. ஒற்றசேகரமங்கலத்தில் பிறந்து, கல்லுடைக்கும் தங்கையனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவள். ரத்னபாயைவிட ஆறேழு வயது மூத்தவள். இறங்கி வந்ததும் தண்ணீர்த் தொட்டியருகே ரத்னபாயின் வலது காலையே பார்த்தாள்.

“உனக்க காலு வய்யாத காலாக்கும், இல்லியா பிள்ளே?”

ரத்னபாய் முள் குத்தியது என்றாள்.

“முள்ளு குத்தினவ விரலூணி நடப்பா. நீ குதிகால பயந்து பயந்து வைக்கிய. எனக்கிட்ட எதுக்கு மறைக்கிய? நான் மேஸ்திரிக்க அத்த மகளா?”

அன்று முதல் அவளே ரத்னபாய்க்குப் பின்னால் நடந்தாள். இரண்டு தடவை பலகையில் கால் சாயப்போனபோது, முதுகில் ஒரு கை வைத்து நிறுத்தினாள். தலையில் பாரத்தோடு ஒரு கையை விடுவது எவ்வளவு ஆபத்து என்று தலைச்சுமை எடுத்தவர்களுக்குத் தெரியும். கேலி செய்துகொண்டேதான் செய்தாள். எல்லையைப் பற்றி வரிசையில் பேச்சு வந்தால், நாளைக்கு இந்தத் தொட்டிப்பாலத்தில் வருகிற தண்ணீரை, தமிழா மலையாளமா என்று கேட்டுவிட்டுத்தான் திறந்துவிடுவார்களாக்கும் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ரத்னபாயும் சிரிப்பாள், கண்ணைக் குறுக்குச் சட்டத்திலிருந்து எடுக்காமல்.

வைகாசியில் ரோட்டில் மறுபடி மடங்கி மூன்று நாள் வேலைக்குப் போகமுடியவில்லை. மேஸ்திரி பொன்னப்பன் கெட்டவனில்லை. ஆனால் இன்னொரு தடவை மூன்று நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்று சொல்லிவிட்டான். அப்போதுதான் அவள் செல்லசாமியிடம் போனாள்.

செல்லசாமி பாறசாலைச் சந்தையின் ஓரத்தில் செருப்புத் தைப்பவன். அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளுக்குச் செருப்புச் செய்யும் கொட்டகையில் எட்டு வருடம் இருந்தான். ரத்னபாய் போகும் சர்ச்சைச் சேர்ந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும், கால் என்று பேச்செடுத்தால் கையிலுள்ள வேலையைக் கீழே வைத்துவிடுவான். அவள் காலை ஈர மணலில் பதியச் சொல்லித் தடம் பார்த்தான். நடக்கச் சொன்னான். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

முதலில் அவன் செய்தது தப்பாகப் போயிற்று. நோகும் காலுக்கு மெத்தை வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றும், அவனுக்கும் தோன்றியது. லாரி டயரை வெட்டிச் செய்த செருப்பில், பழைய கார் சீட்டின் பஞ்சு ரப்பரை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தான். பாதத்துக்கும் செருப்புக்கும் நடுவே வைக்கும் இந்த அடுக்குக்கு அவன் உள்ளட்டை என்று பெயர் வைத்திருந்தான். போட்டதும் சுகமாக இருந்தது. அன்றைக்கே இரண்டு தடவை கால் சாய்ந்தது. செல்லசாமி நான்கு நாள் அதையே யோசித்துவிட்டு, பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தான். மெத்தைமேல் நிற்கும் காலுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஏற்கெனவே பிந்தி வரும் செய்தியை அவன் பஞ்சு வைத்து அடைத்துவிட்டிருந்தான்.

இரண்டாவது உள்ளட்டை நேர்மாறாக இருந்தது. மெல்லிய, கெட்டியான எருமைத்தோல். வெளி ஓரத்தில் மட்டும் ஒரு காசின் கனத்துக்கு இன்னொரு தோல் அடுக்கு. கரண்டை வெளிப்பக்கம் சாயப் பார்த்தால் அந்த மேடு அதை உள்ளே தள்ளும். குதிகாலைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு. பிறகு, தான் செய்ததிலேயே அவனுக்கு மிகவும் பிடித்த காரியம்: தேங்காய்க் கதம்பையை அடித்தெடுத்த தும்புநாரை நெருக்கமாக முடைந்து, சொரசொரவென்று மேலே தைத்திருந்தான்.

“இது குத்துமே அண்ணா” என்றாள் ரத்னபாய்.

“குத்தணும். தூங்கிப்போன காலாக்கும் அது. குத்திக் குத்தி எழுப்பணும்.”

தோலில் ஆயிரம் இடத்தில் மெல்ல உறுத்தும்போது, பாதம் ஒரு நூல் சாய்ந்தாலும் எந்த இடத்து உறுத்தல் கூடியது, எந்த இடத்தில் குறைந்தது என்று உடனே தெரிந்துவிடும். அறுந்துபோன நார் சொல்லவேண்டியதைத் தோல் சொல்ல ஆரம்பிக்கும். ஆனி முழுவதும் ரத்னபாய் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். விடிந்ததும் மூன்று மைல், மாலையில் மூன்று மைல். ஒரு தடவைகூட மடங்கவில்லை. வரப்பில் நடந்தாள், ஓடைக்குக் குறுக்கே கிடந்த தென்னந்தடியில் நடந்தாள். மகள் புஷ்பபாயைத் தூக்கிக்கொண்டு சர்ச்சின் முன்னால் உள்ள சரிவில் இறங்கினாள். ஒரு வருடமாகத் தரையைப் பார்த்தே நடந்தவள், வழியில் எதிர்ப்படுபவர்களின் முகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

ஆனால் அதெல்லாம் ரோட்டில்தான். தொட்டிப்பாலத்தில் செருப்பை ஒரு புதரில் ஒளித்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். ஆடியில் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு, செருப்பைப் போட்டபடியே வரிசையில் நின்றாள்.

பலகையின் அடியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. வேலை துவங்கிய வருடம் இதே தூணிலிருந்து விழுந்து செத்த ஒருவனுக்காக வைத்தது. ஏறும் முன்னால் எல்லாரும் பலகையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பெண்களும் தொடுவார்கள். சும்மா தொட்டுவிட்டு ஏறுவார்கள். ரத்னபாய் குனிந்து தொட்டதும் பொன்னப்பன் அவள் காலைப் பார்த்தான். அவன் சத்தம் போடவில்லை. அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்:

“ரத்னம், செருப்பு அழிச்சிட்டு கேறு.”

கால் வலிக்கிறது என்று சொன்னால் வேலை போகும். அவள் கல் குத்துகிறது என்றாள். அவன் அவளை உட்காரவைத்துக் காரணம் சொன்னான். சாந்து சிந்தின பலகையில் ரப்பர் சோப்புபோல வழுக்கும். வெறுங்கால் என்றால் விரல் சட்டத்தைப் பற்றும். விழுந்து செத்தவன் போட்டிருந்ததும் டயர் செருப்புதான். விளக்கு வைத்த இடத்தில் செருப்போடு ஒருத்தி ஏறினால், நாளைக்கு மற்றப் பெண்கள் ஏற மாட்டார்கள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ரத்னபாய்க்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவன் அநியாயம் பேசியிருந்தால் அவள் மனசுக்குள்ளாவது சண்டை போட்டிருக்கலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அன்று பலகையின் பாதியில் கரண்டை சாய்ந்து, சத்யபாமாவின் கை முதுகுக்கு வந்தது.

செல்லசாமியிடம் போய், இனி இது எதற்கும் பிரயோஜனமில்லை என்று செருப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. செருப்பிலிருந்து உள்ளட்டையை மட்டும் பிய்த்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். செருப்புத்தானே கூடாது, இது கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றான். விரல்களுக்குக் கீழே வரும் பகுதியை வெட்டி எறிந்தான். குதிகாலிலிருந்து முன்பாதம் வரைக்கும் மட்டும் வைத்துக்கொண்டான். விரல்கள் வெளியே நின்று சட்டத்தைப் பற்றும். அடித்தோலை உரசி ஈரத்தில் வழுக்காதபடி பஞ்சுபோல் ஆக்கினான். பிறகு எழுந்து போய், பக்கத்து வீட்டு அடுப்பங்கரையிலிருந்து ஓர் அரக்குக் குச்சியை வாங்கிவந்தான்.

பலாச்சக்கை வெட்டும்போது வடியும் பாலை அந்த ஊரில் வீணாக்குவதில்லை. ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து, அடுப்புக்கு மேலே செருகி வைப்பார்கள். அதற்கு அரக்கு என்று பெயர். தேவைப்படும்போது தீயில் காட்டினால் இளகும். ஓட்டைப் பானையை அடைக்கலாம். ஆறினால் தண்ணீருக்கு அசையாது. தேங்காயெண்ணெய் தொட்டால் மட்டும் விட்டுவிடும்.

செல்லசாமியின் கண் மின்னியது. உள்ளட்டையின் ஓரத்தில் மட்டும் சுற்றி அரக்கைப் பூசவேண்டும். நடுவில் பூசினால் தும்பு அமுங்கிப்போகும், உறுத்தாது. காலில் ஒட்டி, ஒரு நாழிகை அசையாமல் உட்கார்ந்து, மேலே செம்மண்ணைப் பூசிவிட்டால், எட்ட நின்று பார்க்கிறவனுக்கு அது வெறுங்கால்தான். சாயங்காலம் எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் யோசித்திருந்தான்.

“இது செருப்பில்ல மக்கா. உனக்க காலுக்கு நான் போடுற தோலாக்கும்.”

இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றியிருக்காது. பானையை அடைத்தே பழகிய ஊர் அது. ஓட்டை அடைபட்டால் தண்ணீர் வெளியே போகாது என்பதுதான் அரக்கின் குணம். அந்தக் குணத்தைத்தான் அவர்கள் இரண்டு பேரும் நினைக்க மறந்தார்கள்.

ஆவணி முழுவதும் அது வேலை செய்தது. ரத்னபாய் வெறுங்காலாக வந்து, வெறுங்காலாகப் பலகையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அந்த நேரத்தில் மட்டும் விளக்கைப் பார்க்கமாட்டாள். பலகை எழும்பும், அமுங்கும். வலது பாதம் ஒவ்வொரு தடவையும் சரியாகப் பதிந்து சரியாக எழுந்தது. சத்யபாமா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டியருகே காலைத் தூக்கிப் பார்த்து, குதிரைக்கு லாடம் அடித்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இனி பின்னால் நடக்கவேண்டாம் அக்கா என்று ரத்னபாய் சொன்னபோது, பழகிவிட்டது, நீ முன்னால் போனால்தான் எனக்குத் தாளம் வரும் என்றாள்.

புரட்டாசியில் மழை பிடித்தது. சாந்தின் நீர் பலகையெங்கும் வழிந்தது. சுண்ணாம்பு கலந்த நீர். அது விரலிடுக்கு வழியாகத் தும்புக்குள் ஏறியது. தும்பு குடித்து வைத்துக்கொண்டது. சுற்றிலும் அரக்கு அடைத்திருந்ததால் அது வெளியே போக வழியில்லை. காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவள் உள்ளங்கால் சுண்ணாம்பு நீரில் ஊறியது. முதல் சில நாட்கள் எரிந்தது. தும்பு உறுத்துவதுதான் என்று நினைத்தாள். பிறகு எரிச்சல் நின்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். சாயங்காலம் எண்ணெய் விட்டு எடுக்கும்போது, தோல் வேகவைத்த மரச்சீனிபோல வெளுத்து, விரலால் தொட்டால் வழன்று வந்தது. ஒரு நாள் விளக்குமாற்றுக் குச்சியால் குத்திப் பார்த்தாள். யாரோ மேசையைக் குத்துவதுபோல இருந்தது.

தோல்தான் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அந்தத் தோல் செத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் காலைத் திறந்து காற்றில் வைத்திருந்தால் ஆறியிருக்கும். இரண்டு வாரத்துக்கு அவள் இடம் இருக்காது. இன்னும் எத்தனை நாள்தான், கமிஷனின் முடிவு வரும் மாதம் இது என்கிறார்களே என்று அவள் நினைத்தாள்.

முடிவு வந்தது. சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் ராபின்சன் வாத்தியார் பத்திரிகையைப் பிரித்து, வெளியே மரத்தடியில் நின்று வாசித்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கமிஷன் சொல்லியிருந்தது. நெய்யாற்றங்கரை மலையாளப் பக்கமே இருக்கும். வாத்தியார் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தார். விளவங்கோட்டைச் சேர்ந்த களியக்காவிளையில் அன்று கொண்டாடி வெடி போட்டது இங்கே வரைக்கும் கேட்டது. அடுத்த வாரம் விஜயதாசிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நான்கே வரி. இப்போது வரமுடியாது, இந்தக் கடையை விட்டுப் போகிறேன், இந்த விலாசத்துக்கு எழுதவேண்டாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்.

அப்படியானால் எந்த நாள்வரை என்று இனி அவள் எண்ண முடியாது. மறுநாளும் அரக்கைத் தீயில் காட்டினாள்.

ஐப்பசி பத்தாம் தேதி, மழை விட்ட ஒரு காலை. அவள் ஏழாவதாகப் போனாள், சத்யபாமா எட்டாவதாக. பலகையின் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தார்கள். வலது பாதம் ஒரு குறுக்குச் சட்டத்தின் விளிம்பில் பதிந்தது. பாதி சட்டத்தின்மேல், பாதி வெளியே. நல்ல கால் என்றால் அந்த நொடியே தெரிந்து விலகியிருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாரத்தை ஏற்றினாள். கரண்டை கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகுதான் கவிழ்கிறது என்று தெரிந்தது. சட்டி முன்னால் போயிற்று, அவள் பக்கவாட்டில் போனாள்.

சத்யபாமா தன் தலைச் சட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் ரத்னபாய் பலகையில் விழுந்தாள். சத்யபாமா பலகையைத் தாண்டி விழுந்தாள். எட்டடி உயரம். கீழே மணல் குவியல் கிடந்ததால் உயிர் போகவில்லை. வலது தோளெலும்பும் மணிக்கட்டும் உடைந்தன.

ரத்னபாயை இறக்கி உட்காரவைத்தார்கள். அவள் பாதத்திலிருந்து உள்ளட்டை பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து வெளுத்த தோலும். பொன்னப்பன் குனிந்து பார்த்தான். அது என்ன என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“எனக்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருக்கப்படாதா?” என்று கேட்டான்.

சொல்லியிருந்தால் அன்றே அனுப்பியிருப்பான். அது அவனுக்கும் தெரியும். அதனால் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து, சத்யபாமாவைத் தூக்கிக்கொண்டு போக ஆள் பிடிக்கப் போனான். மறுநாள் வரிசையில் வேறு இரண்டு பெண்கள் நின்றார்கள்.

செல்லசாமி விஷயம் கேட்டு வீட்டுக்கு வந்தான். தண்ணீர் போக ஓரத்தில் ஒரு வழி விட்டிருக்கவேண்டும், ஒரு விரற்கடை போதுமே, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ரத்னபாய் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் பேச்சு நிற்கட்டும் என்று மட்டும் நினைத்தாள். பிய்ந்த உள்ளட்டைக்குப் பதில் புதிதாக ஒன்றை வைத்து, பழைய டயர் செருப்பில் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

கார்த்திகையில் கால் ஒருவிதமாக ஆறியது. புதுத் தோல் மெல்லியதாக, பளபளவென்று இருந்தது. அதில் தொட்டால் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அவள் துணி சுற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு சத்யபாமாவைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் ஒழுங்காகவே நடந்தாள்.

சத்யபாமாவின் வீடு ஒரு சரிவின் அடியில், கிணறு மேலே. நடுவில் செம்பாறையில் வெட்டிய ஆறு படிகள். அவள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டு அவிழ்த்தாலும் இனி தலைக்கு மேலே தூக்கமுடியாது என்று எலும்பு வைத்தியன் சொல்லிவிட்டான். ரத்னபாய் வருவதை அவள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொள்ளாம். நல்லா நடக்கிய” என்றாள். கேலி இல்லை.

மன்னிப்புக் கேட்க நினைத்த ரத்னபாய் மரச்சீனி கொண்டுவந்ததைச் சொன்னாள். சத்யபாமா விஜயதாசைப் பற்றிக் கேட்டாள். கார்டைப் பற்றி ரத்னபாய் சொன்னாள். சத்யபாமா தலையை ஆட்டினாள். பிறகு, காலையிலிருந்து வீட்டில் தண்ணீர் இல்லை, தங்கையன் கல்லுடைக்கப் போய்விட்டான், யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

ரத்னபாய் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். கிணற்றுக் கல்லுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கிணற்றங்கரையில் செருப்பு போடுவதில்லை. இறைத்தாள். குடத்தை நிறைத்தாள். இடுப்பில் ஏற்றிக்கொண்டு, குனிய முடியாததால் கால்விரலால் செருப்பைத் துழாவினாள். குடம் தளும்பி, ஈரக் காலில் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு முதல் படியில் வலது பாதத்தை வைத்தாள். படி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லவில்லை. கீழே குனிந்து பார்த்தாள். குடம் மறைத்தது. காலைப் பின்னுக்கு எடுத்தாள். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.

கீழேயிருந்து சத்யபாமா எழுந்து வந்தாள். படியேறி வந்து இடது கையை நீட்டினாள். ஒரு கையால் நிறைகுடத்தை வாங்க முடியாது என்று இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில்தான் புத்தியில் பட்டது.

“வச்சிரு பிள்ளே. விழுந்து வைக்காத. இனி என்னால பிடிக்க ஒக்காது.”

ரத்னபாய் குடத்தைக் கிணற்றுக் கல்லில் இறக்கி வைத்தாள். செருப்போடு கல்லில் ஏறிக் குடத்தை எடுக்கக்கூடாது; வெறுங்காலோடு குடத்தைச் சுமந்து படியிறங்க முடியாது. இரண்டு பேரும் முதல் படியில் உட்கார்ந்தார்கள். சத்யபாமா கை குவித்து ஒரு வாய் கேட்டாள். ரத்னபாய் குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். தங்கையன் வந்து குடத்தை இறக்க அந்தியாகும். அப்போதுதான் உச்சி வெயில் தென்னைகளுக்கு மேலே வந்திருந்தது.